ஈப்போவுக்குப் போன குங்குமச் சிமிழ்

கப்பலில் ஏறிய முதல் நாளே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓர் ஊரே திரண்டு ஏறுகிறது, தலையை எண்ண ஓர் ஆள் இல்லை. கழுத்தில் மாட்டிய அட்டையை ஒரு பெட்டிக்கு முன்னால் காட்டினோம், பெட்டி 'டிங்' என்றது, உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் திருச்சி - துறையூர் தடத்தில் கண்டக்டராக இருந்தவன் நான். ஆள் கணக்கு சரியாக வராமல் விசில் கொடுத்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. "அதெல்லாம் பெட்டி எண்ணிக்கிடும், நீங்க வாங்க" என்று சரசு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சரசு என் மனைவி. நான் சத்தம் போட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகள், எங்கள் கல்யாண நாளுக்காக இந்தக் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தாள். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நடுக்கடலில் இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. இட்லி கொஞ்சம் கல்தான், இருந்தாலும் ஆறு சாப்பிட்டேன். மறுநாள் காலை பினாங்கில் நிற்கும், மாலை ஆறரைக்குள் எல்லோரும் திரும்பி ஏறிவிட வேண்டும், யாருக்காகவும் காத்திருக்காது என்று ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் கப்பல்காரர்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மற்றவர்கள் பினாங்கு மலைக்கும் கடைத்தெருவுக்கும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வேறு ஜோலி. சரசுவின் கைப்பையில் ஒரு மரக் குங்குமச் சிமிழ் இருந்தது. அதற்குள் இருந்தது குங்குமம் இல்லை, மண். அதை ஈப்போ பக்கம் இருக்கும் அஞ்சலை என்ற பெண்ணிடம் கொடுக்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்து நான் சொன்ன ஒரு பொய்யையும் அவளிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் ஆறரைக்குள்.

விஷயம் இதுதான். அன்றைக்குத் திருச்சிக்குப் போகிற டிரிப். டோல்கேட்டில் பாதி பஸ் இறங்கிவிட்டது. கடைசிக்கு முந்தின சீட்டின் அடியில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. திறந்தால் ஒரு சின்னச் செம்பு, அதன் வாயில் சிவப்புத் துணி கட்டி, மேலே குங்குமம். பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழம். துணியை லேசாக விலக்கிப் பார்த்தேன். உள்ளே மண். நம் ஊரில் இதைப் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? செய்வினைதான். யாரோ யாருக்கோ வைத்ததை என் பஸ்ஸில் ஏற்றிவிட்டான் என்று எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. டிரைவர் சண்முகம் என்னைவிடப் பயந்தாங்கொள்ளி. கொள்ளிடம் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினான். பையைக் கையால் தொடாமல், ஒரு குடைக் கம்பியால் தூக்கி ஆற்றில் வீசினேன். திருச்சி போனதும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அப்புறம்தான் டீ இறங்கியது.

மூன்றாம் நாள் ஒரு பெண் டெப்போவுக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளாம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், அங்கிருந்த கருப்பர் கோயிலை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். புது இடத்தில் சாமியை வைப்பதென்றால் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து பீடத்துக்கு அடியில் போடுவது வழக்கம். பிடிமண் என்போம். எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பாட்டன் பூட்டன் கும்பிட்ட கோயிலிலேயே எடுப்போம் என்று இவள் ஒற்றையாளாகக் கிளம்பி வந்து, விசாரித்து விசாரித்து எங்கள் பக்கத்து ஊர்க் கருப்பர் கோயிலைக் கண்டுபிடித்து, மண் வாங்கிக்கொண்டு என் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அசதியில் தூங்கி, டோல்கேட்டில் அவசரமாக இறங்கியதில் பையை விட்டுவிட்டாள். மறுநாள் அவளுக்கு விமானம்.

"பஸ்ல மஞ்சப் பை ஏதாச்சும் கெடந்துச்சாண்ணே?" என்று கேட்டாள். நான் அவள் கண்ணைப் பார்த்து, "அப்படி எதுவும் இல்லையேம்மா" என்றேன். வேலைக்கு ஆபத்து வரும் என்ற பயம் பாதி. சாமி மண்ணைச் செய்வினை என்று ஆற்றில் வீசினவன் என்று டெப்போவே சிரிக்குமே என்ற வெட்கம் மீதி. அவள் ஒரு துண்டுத்தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். கிடைத்தால் ஒரு கடுதாசி போடச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

அந்தத் தாள் என் தோல்பையிலேயே கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கடிதம் போட்டேன். அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் சரசுவிடம் சொன்னேன். "இதைத்தான் இத்தனை வருஷமா முழுங்கிக்கிட்டுத் திரிஞ்சீங்களா, நான் சக்கரை வியாதின்னுல்ல நெனச்சேன்" என்றாள். மகள் கப்பல் என்று சொன்னதும் வரைபடத்தை விரித்துவைத்து, பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு விரலால் அளந்தவளும் சரசுதான். கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் சொல்லி இன்னொரு பிடி மண் வாங்கினோம். மண்ணை நாடு விட்டு நாடு கொண்டுபோகலாமா என்று எனக்கு உதறல். சரசு முடித்துவிட்டாள்: "கேட்டா உண்மையச் சொல்லிடுவோம். கேக்கலைன்னா நாமளா போய்ச் சொல்ல வேணாம்."

பினாங்கில் யாரும் கேட்கவில்லை. இறங்கியவுடன் படகு பிடித்து எதிர்க்கரையில் பட்டர்வொர்த் போனோம். அங்கே ரயில். சொன்னால் நம்பமாட்டீர்கள், டிக்கெட்டில் எந்த நிமிஷம் போட்டிருந்ததோ அந்த நிமிஷத்தில் கிளம்பியது. தள்ளுமுள்ளு இல்லை, ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவன் இல்லை. இப்படி ஒரு வண்டியில் வேலை பார்த்திருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பே வந்திருக்காது. பாரிட் புந்தார், பாகான் செராய் என்று ஸ்டேஷன்கள் வந்தன. இரண்டு பக்கமும் நெல் வயல், வாய்க்கால், நடுவில் கொக்கு. லால்குடிப் பக்கம் போகிற மாதிரியே இருக்கிறது என்று சரசு ஜன்னலை விட்டு நகரவில்லை.

எதிர் சீட்டில் ஒரு மலாய்க்கார அம்மாள். சரசு முறுக்கை நீட்டினாள், அந்த அம்மாள் வாழைக்காய் வறுவலை நீட்டினாள். இரண்டு பேருக்கும் பாஷை தெரியாது. ஆனால் ஈப்போ வருவதற்குள் யாருக்கு எத்தனை பிள்ளை, யாருக்கு முட்டி வலி என்பதெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

ஈப்போ ஸ்டேஷன் அரண்மனை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வெளியே வந்தால் ஊருக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரையிலிருந்து முளைத்தாற்போல. பக்கத்திலேயே ஒரு தமிழ் முஸ்லிம் பாய் கடை. ரொட்டிச் சானாய் என்று கேட்டால் நம் வீச்சுப் புரோட்டாதான், ஆனால் இவ்வளவு மெல்லிசாக வீசுகிற கையை நான் மணப்பாறையில்கூடப் பார்த்ததில்லை. பருப்புக் குழம்பில் தோய்த்து இரண்டு சாப்பிட்டேன். பக்கத்துச் சீனக் கடையிலிருந்து வெள்ளைக் காப்பி என்று ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார் பாய். கும்பகோணத்துக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும், எனக்கு அது ஒரு படி மேலே தெரிந்தது. விலாசத்தைக் காட்டினேன். பாய் உதட்டைப் பிதுக்கி, வாசலில் டாக்சியோடு நின்ற ஒரு சீனரைக் கைகாட்டினார். தோட்டம் பற்றியெல்லாம் ஆ செங்குக்குத்தான் தெரியும் என்றார்.

சீனருக்கு அறுபது வயது இருக்கும். அரைக்கால் சட்டை, வாயில் பல்குச்சி. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தமிழ்ல பேசுங்க லா, அண்ணே" என்றார். அந்த 'லா' அந்த ஊர்க்காரர்கள் எந்தப் பாஷையின் வாலிலும் ஒட்டுகிற சொல். அவருடைய அம்மா அந்தத் தோட்டத்து வாசலில்தான் கருவாட்டுக் கடை வைத்திருந்தாராம். தமிழ்ப் பிள்ளைகளோடு ஆடி வளர்ந்ததில் அவருக்கு முதலில் வந்ததே தமிழ்தானாம்.

"இந்தத் தோட்டம் இப்ப இல்லண்ணே. கித்தா மரம் எல்லாம் வெட்டிட்டான், செம்பனை போட்டுட்டான். ஆளுங்க எல்லாம் ரோட்டோரம் தாமான்ல இருக்காங்க."

கித்தா என்றால் ரப்பர், செம்பனை என்றால் எண்ணெய்ப் பனை, தாமான் என்றால் வரிசையாக வீடு கட்டிய குடியிருப்பு. அதில் வீட்டு நம்பர் தெரியாமல் எப்படித் தேடுவது என்றேன். தாளிலேயே இருக்கிறதே என்றார். அதில் இருந்ததோ பழைய விலாசம்: மூணாம் லயம், ஏழாம் நம்பர் வீடு. லயம் என்பது தோட்டத்தில் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகள்.

ஆ செங் வண்டியை எடுத்துக்கொண்டே விளக்கினார். தோட்டம் போனபோது இவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வீடு கொடுத்தார்கள். யாருக்கு எந்த வீடு விழுந்தாலும், கோயிலில் உட்கார்ந்து பேசி, தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, லயத்தில் எந்த வரிசையில் இருந்தார்களோ அதே வரிசையில் குடிவந்துவிட்டார்கள். மூணாம் லயம் மூணாவது ரோடு, ஏழாம் வீடு ஏழாம் வீடு. இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பம்கூட மாற்றிக்கொள்ளாமல் பக்கத்துப் பக்கத்திலேயே வந்தார்களாம். வேறு ஆள் வந்தால் யாரோடு சண்டை போடுவது என்று கேட்டார்களாம். எனக்கு அந்த ஜனங்களை அப்போதே பிடித்துவிட்டது. ஆனால் வண்டி நெருங்க நெருங்க, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சரசு கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், இரண்டு மோட்டார்சைக்கிள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அஞ்சலை கதவைத் திறந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது, மற்றபடி அதே முகம். பக்கத்து டவுனில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலையாம், அன்றைக்கு லீவு. நான் தாளை நீட்டி, துறையூர் பஸ் கண்டக்டர் என்று சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் உள்ளேயிருந்து அவள் கணவர் மாரிமுத்து வந்தார். பாதுகாவலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கோயில் தலைவரும் அவர்தான். துறையூர் என்று காதில் விழுந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று நான் நின்ற வாக்கிலேயே, "அந்தப் பை விஷயமாத்தான் வந்தேன்" என்று ஆரம்பித்தேன். அஞ்சலை நடுவில் புகுந்துவிட்டாள். "மொதல்ல பசியாறுங்கண்ணே, பேச்செல்லாம் பெறகு." பசியாறிவிட்டோம் என்றேன். அவள் காதில் வாங்கவே இல்லை. சரி, மலேசியாவில் உபசாரம் இப்படித்தான் போலிருக்கிறது என்று உட்கார்ந்தேன். நாசி லெமாக்கோடு நம் ஆட்டுக்கறிக் குழம்பு. தேங்காய்ப்பால் சோறு, பொரித்த நெத்திலி, மேலே காரசாரமாகக் குழம்பு. காலையில் இட்லி, ஈப்போவில் ரொட்டி, இப்போது இது. இலையை மூடப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் பாயசத்தோடு வந்து நின்றாள். அவர்கள் வீட்டுக்கும் வர வேண்டுமாம். எதிர் வீட்டிலும் அப்படியே. ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் போனால் வருஷக்கணக்கில் மனத்தாங்கல் என்று மாரிமுத்து காதோடு சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை.

"நீங்க கோயிலப் பாக்கணும் அண்ணே" என்று மாரிமுத்து என்னைத் தெருக்கோடிக்கு அழைத்துப் போனார். அஞ்சலையும் சரசுவும் பின்னால் வந்தார்கள். சின்னக் கோயில்தான், ஆனால் எத்தனை சுத்தம்! வெள்ளைக் குதிரை, உருட்டிய விழியோடு கருப்பர், கையில் வீச்சரிவாள், காலடியில் சுருட்டு, பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வைத்த பேனாக்கள். பரீட்சைக்கு முந்தின நாள் வைத்தால் கைவிடமாட்டாராம். இந்த ரோட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கிறார்கள் என்றார். பீடத்தைத் தொட்டு அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுக்கு அடியில இருக்கறது உங்க ஊரு மண்ணு. என் சம்சாரம் ஒண்டியா போயி கொண்டாந்தா."

அந்த மண்ணை நான் என் கையால் கொள்ளிடத்தில் வீசினேன். அப்படியானால் இங்கே இருப்பது எந்த மண்? திரும்பி அஞ்சலையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்திருந்தால் என் பொய்யோடு அவள் பொய்யையும் சேர்த்து ஊர் நடுவில் உடைத்திருப்பேன். சரசு பின்னாலிருந்து என் சட்டையை ஒரு இழு இழுத்தாள். நான் கருப்பருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம்ங்க" என்றேன்.

மாரிமுத்துவுக்கு மதியம் கோயில் கூட்டம். தோட்டம் இருந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்று சரசுதான் சமயோசிதமாகக் கேட்டாள். நான் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள் அஞ்சலை. ஆ செங் வண்டியில் நாலு பேரும் கிளம்பினோம். தாமானைத் தாண்டியதும் மண் ரோடு. கண்ணுக்கு எட்டின மட்டும் செம்பனை. ஒரு காக்கை குருவி இல்லை.

அஞ்சலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள். அன்றைக்கு வெறுங்கையோடு ஊர் திரும்பினாள். விமான நிலையத்தில் ஊரே மாலையோடு நின்றது. தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துக்குப் போய், பழைய கோயில் பக்கம் நின்ற ஒரு கித்தா மரத்தடியில் ஒரு பிடி மண் எடுத்து, செம்பில் போட்டு, துணி கட்டிக் கொடுத்துவிட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் அவளும் சொல்லவில்லை.

சரசு என்னைப் பார்த்தாள். நான் முன் சீட்டிலிருந்து திரும்பி, எல்லாவற்றையும் சொன்னேன். செய்வினை என்று பயந்ததை, குடைக் கம்பியை, பாலத்தை, டெப்போவில் சொன்ன பொய்யை. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அஞ்சலை ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் என்னா நெனச்சேன் தெரியுமாண்ணே? சாமிக்கு என்கூட வர இஷ்டமில்லன்னு நெனச்சேன். அஞ்சு தலமொறைக்கு முன்ன விட்டுட்டுப் போனவங்கதானே, நீ கூப்ட்டா நான் வரணுமான்னு கேட்டுட்டாருன்னு நெனச்சேன். ஒம்போது வருஷம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் எல்லாரும் சாமி ஆடுவாங்க, நான் மட்டும் ஓரமா நிப்பேன்."

ஒரு பைதானே, ஒரு பொய்தானே என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது இந்தப் பெண்ணை இப்படி அரித்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மன்னித்துக்கொள் தங்கச்சி என்றேன். வேறு சொல்ல என்ன இருக்கிறது? அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். என்னை முறைத்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தேன்.

"அப்ப அவரு வராம இல்ல. கெளம்பி வந்தாரு. நீங்கதான் பாதி வழியில எறக்கி விட்டுட்டீங்க."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். சரசுவும் சிரித்தாள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பயணியைக்கூட வழியில் இறக்கிவிடாதவன் என்று நான் பெருமை பேசுவதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

ஆ செங் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்குமே என்று அஞ்சலை பதறினாள். அவர் பல்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்.

"நான் சீனன் லா. எனக்குத் தமிழ் தெரியாது."

தோட்டம் இருந்த இடத்தில் வண்டி நின்றது. காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் அங்கேதான் இருந்ததாம். இப்போது உடைந்த சிமென்ட் தரை மட்டும் கிடக்கிறது. அதன் ஓரத்தில், செம்பனைகளுக்கு நடுவில் ஒற்றையாக ஒரு ரப்பர் மரம். பட்டையில் பால் வெட்டின தழும்புகள் சாய்வாக, வரிவரியாக, ஆள் உயரத்துக்கு. கோயில் மரம் என்பதால் இதை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அஞ்சலையின் அம்மா இந்த மரத்தில் பால் எடுத்தவள். சரசு சிமிழை எடுத்து அஞ்சலையின் கையில் வைத்தாள்.

இதைக் கோயில் பீடத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. தலையை ஆட்டினாள்.

"வேணாம்ணே. அவரு அங்க நல்லா இருக்காரு, அடியில கை வெக்க வேணாம். நான் மண்ணு எடுத்த குழி இங்கதான் இருக்கு. இதுல போடுவோம்."

வேர் மடிப்புக்குள் ஒரு கை நுழைகிற அளவு பள்ளம். அவள் குத்தவைத்து உட்கார்ந்து சிமிழைக் கவிழ்த்தாள். எங்கள் ஊர் மண் செம்மண். அந்த இடத்து மண் கறுப்பு கலந்த சாம்பல் நிறம். விரலால் கலந்துவிட்டாள். கலந்த பிறகு எது எது என்று எனக்குத் தெரியவில்லை. கற்பூரம் கொண்டுவர மறந்துவிட்டோம். ஆ செங் சட்டைப்பையிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி வேரில் செருகினார். அவருடைய சாமிக்கு வைத்திருந்ததாம். அஞ்சலை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு லேசாக உதறியது. சரசு போய் அவளைத் தாங்கிக்கொண்டாள். நான் தள்ளி நின்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது, தூசு என்று சொல்ல அங்கே தூசுகூட இல்லை.

அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே கால். தாமானுக்குத் திரும்பி, பாயச வீட்டிலும் எதிர் வீட்டிலும் நின்றபடி ஒரு வாய் சாப்பிட்டு, மனத்தாங்கல் இல்லாமல் விடைபெறும்போது நாலே கால். ரயில் போயே போய்விட்டது. நாழி தவறாத வண்டி என்று காலையில் பாராட்டினேனே, அதே வண்டிதான். மாரிமுத்து கை கட்டிக்கொண்டு நிதானமாக, கப்பல் போனால் என்ன, எங்கள் வீட்டில் தங்கலாமே என்றார். நல்ல மனுஷன்.

ஆ செங் ஏறச் சொன்னார். நெடுஞ்சாலையில் அவர் வண்டி ஓட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எத்தனையோ டிரைவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். வேகமாகப் போகிறவன் உண்டு, பத்திரமாகப் போகிறவன் உண்டு. இரண்டையும் ஒருசேரச் செய்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு தடவை ஹாரன் அடிக்கவில்லை. சண்முகமாக இருந்தால் ஈப்போவில் வைத்த கையைப் பினாங்கில்தான் எடுத்திருப்பான். மடியில் அஞ்சலை கட்டிக் கொடுத்த பொட்டலங்கள் சூடாக இருந்தன. கடல் பாலத்தில் ஏறும்போது ஐந்தே முக்கால், அதில் வண்டிகள் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தன. சரசு கருப்பா கருப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். துறைமுக வாசலில் இறங்கியபோது ஆறு இருபது. ஆ செங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அடுத்த தடவை வந்தால் அவர் வீட்டிலும் பசியாற வேண்டும் என்றார், சுத்தமான தமிழில்.

ஓட்டமும் நடையுமாகக் கப்பல் வாசலுக்கு வந்து அட்டையைக் காட்டினோம். பெட்டி 'டிங்' என்றது. சரசுவின் கைப்பையை எக்ஸ்ரேயில் விட்டார்கள். காவலுக்கு நின்ற நேபாளத்துப் பையன் பையைத் திறந்து, குங்குமச் சிமிழை எடுத்து, திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை, அடியில் கொஞ்சம் செம்மண் தூள் ஒட்டியிருந்தது. இதில் என்ன இருந்தது என்று இங்கிலீஷில் கேட்டான்.

முதல் தடவையாக ஒருத்தன் கேட்டுவிட்டான். சரசு என்னைப் பார்த்தாள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்பது எங்கள் பேச்சு.

"ஒரு பயணி இருந்தாருப்பா" என்று அவனிடம் தமிழிலேயே சொன்னேன். "அவர் ஊர் வந்துருச்சு. இறங்கிட்டாரு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே சிமிழை மூடி சரசுவின் கையில் கொடுத்தான். நான் உள்ளே போய் வெகுகாலத்துக்குப் பிறகு ஆள் கணக்கை எண்ணாமல் சாப்பிட உட்கார்ந்தேன்.